அருளப்பனும் யோவானும்

சேசு மரி சூசை

குடவாசல்,
ஆகஸ்ட் 30

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. உன் கடிதம் முந்தாநாள் வந்தது. பிள்ளைக்கு நம் அப்பா பெயரை வைக்கலாம் என்று நீ சொன்னதற்கு, "அருளப்பன்னா அது ஆர்.சி. பேரு, யோவான்னு வை" என்று உன் மாமியார் சொன்னதாக அழுது எழுதியிருந்தாய். அதே நினைப்பாக இருக்கிறேன்.

அருளப்பரும் யோவானும் ஒருவர்தானம்மா. சின்ன வயதில் நாம் பூசையில் கேட்ட இராயப்பரும் சின்னப்பரும் உன் புகுந்த வீட்டில் பேதுரு, பவுல். இந்த இரட்டைப் பெயர்ச் சண்டை சூடுபிடித்ததே உன் ஊர்க் கடற்கரையில்தான். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கீசியர் காலத்திலேயே நம் வேதம் வந்துவிட்டது. 1706-ல் லுத்தரன் பாதிரியார் சீகன்பால்கு உன் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். 1715-ல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கேயே அச்சாகியது. கொள்ளிடக்கரை ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவர் சும்மா இருப்பாரா? 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்' என்று லுத்தரன்காரர்களை மறுத்து எழுதினார். அவர்களுடைய தமிழையும் விட்டுவைக்கவில்லை. தேம்பாவணி தந்தவர் என்று அவரைக் கும்பிடுகிறவன் நான். ஆனாலும் அந்தக் கடுமை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அதன் மிச்சம்தான் இன்று உன் வீட்டு அடுப்படி வரை வந்து நிற்கிறது.

நேற்று வேளாங்கண்ணி மாதா கோவிலில் கொடியேறிவிட்டது. காவி கட்டி நடக்கிறவர்கள் கும்பகோணம் ரோட்டில் போய்க்கொண்டே இருக்கிறார்கள். சென்னைப் பக்கமிருந்து கடற்கரைச் சாலையில் வருகிறவர்கள் உன் ஊரைத் தாண்டித்தானே போகவேண்டும், நீயும் பார்த்திருப்பாய். 1962-ல் பசிலிக்காவான அந்தக் கோவிலுக்கு எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களும் வருகிறார்கள். உங்கள் லுத்தரன் பேராயருக்கோ தரங்கம்பாடி என்பது பட்டத்தில்தான், இருப்பது திருச்சியில். இதைச் சொல்லி, நாம் ஜெயித்துவிட்டோம் என்று நம் பங்கில் சிலர் பேசும்போது எனக்குக் கூசுகிறது.

கூட்டம் நம் பக்கம் சாய்ந்ததென்றால், வார்த்தை அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. 1995-ல் இரண்டு சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்துக் கொண்டுவந்த திருவிவிலியத்தைத்தான் இப்போது நம் கோவிலில் வாசிக்கிறோம். அதில் அருளப்பர் கிடையாது, யோவான்தான். போன ஞாயிறு நானே பீடத்தருகில் நின்று 'பவுல்' என்று வாசித்தேன். அப்பா இருந்திருந்தால், "சின்னப்பர் எங்கேடா போனார்?" என்று வாசலிலேயே பிடித்துக் கேட்டிருப்பார். பழகின சொல் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் முந்நூறு வருஷம் முறைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய வேதம் அது. அதற்காக அந்தச் சொல்லை விடலாம்.

அதனால் மாமியாரிடம் முகம் கொடுக்காமல் இருக்காதே. ஞானஸ்நானத்தில் உங்கள் சபை ஐயர் யோவான் என்றே சொல்லட்டும். இது அப்பா பெயர்தான் என்று மட்டும் அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல். மாப்பிள்ளைக்கும் இதைப் படித்துக் காட்டு.

இன்னொன்று. அப்பா பெயரை அம்மா இன்றுவரை வாயால் சொன்னது கிடையாது. பேரனுக்கு அருளப்பன் என்று வைத்தால் தம்பி, ராசா என்றுதான் கூப்பிட்டிருக்கும். நேற்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "யோவான்" என்று இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டது. தேதியை எழுது, அம்மாவை அழைத்துக்கொண்டு முதல்நாளே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அண்ணன்