அப்பத்தா முடிஞ்சு வெச்ச காசு!

எங்க காலேஜ் பிசினஸ் பிளான் போட்டியில் எங்க டீமுக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ்! ஐட்டம், துணிப்பை. 'பிளாஸ்டிக்கை ஒழிப்போம்'னு பச்சை கலரில் பிரின்ட் அடிச்சு, சிம்போசியத்துக்கு 300 பை சப்ளை பண்ணினோம். லாபம் 1,800 ரூபாய். மேடையில் நான் விட்ட இங்கிலீஷைக் கேட்டு நானே அசந்துட்டேன்.

மேடையில் சொல்லாத மேட்டர் ஒண்ணு இருக்கு. பை தைச்சுக் கொடுத்தது செல்லூரில் ஒரு அக்கா. பைக்கு 12 ரூபாய் கூலி கேட்டாங்க. நாங்க மூணு பேரும் மூஞ்சியைப் பாவமா வெச்சுக்கிட்டு, 'ஸ்டூடன்ட்ஸ்க்கா...'னு இழுத்து 9 ரூபாய்க்குக் கொண்டுவந்தோம். அதிலும் பாதி பாக்கி. ரிப்போர்ட்டில் இதுக்கு நாங்க வெச்ச பேர், 'நெகோஷியேஷன் ஸ்கில்'!

அந்த வாரம்தான் அப்பத்தாவுக்குக் கண்புரை ஆபரேஷன். உசிலம்பட்டி பக்கம் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை முகாம் போட்டிருந்தாங்க. அங்கிருந்தே பஸ்ஸில் மதுரைக்குக் கூட்டிட்டுப் போய், லென்ஸ் வெச்சு, சாப்பாடும் போட்டாங்க. பார்க்கப் போன என்கிட்ட அப்பத்தா ரகசியமா, "பஸ்ஸுக்குக் கேப்பாகன்னு முந்தியில காசு முடிஞ்சு வெச்சிருந்தேன்டா... கடைசி வரைக்கும் ஒருத்தரும் கேக்கலையே!" என்றது.

எப்படிக் கட்டுப்படியாகுது? குடைச்சல் தாங்காமல் தேடிப் படிச்சேன்.

டாக்டர் ஜி.வெங்கடசாமி. முடக்குவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களாலேயே கண் ஆபரேஷன் கத்துக்கிட்டார். அரசு வேலையில் ரிட்டயர் ஆனபிறகு, 1976-ல், 58 வயசில், மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பிச்சது இந்த மருத்துவமனை. முடிஞ்சவங்க கொடுக்கிற பணத்தில் முடியாதவங்களுக்கும் வைத்தியம். இலவசம்னு சொல்லியும் ஆரம்பத்தில் நிறையப் பேர் ஆபரேஷனுக்கு வரலையாம். பஸ் காசு, சாப்பாடு, துணைக்கு வர்றவங்களுக்குப் போகிற ஒருநாள் கூலி... இதையெல்லாம் யார் கொடுப்பாங்க? அதுக்கப்புறம்தான் பஸ்ஸும் சாப்பாடும் அவங்க பொறுப்பாச்சு. அப்பத்தா முந்தி முடிச்சு அவிழாமல் இருந்ததுக்குக் காரணம் அதுதான்.

அவருக்கு இன்ஸ்பிரேஷன் எது தெரியுமா? மெக்டொனால்ட்ஸ்! எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தரத்தில் கொடுக்கிறாங்களே, அதைக் கண் வைத்தியத்தில் செஞ்சா என்னன்னு யோசிச்சிருக்கார். (நாமெல்லாம் அங்கே போனா ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ் தாண்டி யோசிக்கிறதில்லை.) ஆபரேஷன் தியேட்டரில் ஒரு டாக்டருக்கு ரெண்டு மேஜை. ஒருத்தருக்கு முடியும்போதே பக்கத்து மேஜையில் அடுத்தவர் ரெடி. கண் பரிசோதிக்கிறது, நோயாளியைத் தயார் பண்ணுறதெல்லாம் பயிற்சி எடுத்த கிராமத்துப் பொண்ணுங்க. டாக்டருக்குக் காத்திருக்கிற நேரமே கிடையாது. வெளிநாட்டு லென்ஸ் 100 டாலருக்கு மேல வித்த காலத்தில், 1992-ல் ஆரோலேப்னு ஒரு தொழிற்சாலையை மதுரையிலேயே ஆரம்பிச்சு, 10 டாலர் அளவுக்குக் கொண்டுவந்துட்டாங்க. 1993-லேயே ஹார்வர்டில் பாடமா வெச்சாச்சு. எங்க சிலபஸில்தான் இன்னும் காணோம்!

சுருக்குன்னு தைச்சது இங்கேதான். செலவைக் குறைச்சது அவங்களும்தான், நாங்களும்தான். அவங்க வீணாப்போற நேரத்தில் குறைச்சாங்க. நாங்க அக்கா கூலியில் கை வெச்சோம். லாபம்னு காட்டின 1,800-ல் 900 ரூபாய் அவங்களோடது.

டீமில் சொன்னதும் ஒருத்தன் குதிச்சான். "பேசின ரேட்டுதானேடா? ஏமாத்தினோமா?" அவன் கேட்டதும் நியாயமாத்தான் பட்டது. "சரி, அந்த அக்கா இடத்தில் உங்கம்மா இருந்தா?"னு இன்னொருத்தன் கேட்டதும் அடிதடி வரைக்கும் போயிடுச்சு. ரெண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை.

மூணாம் நாள், பாக்கி 1,350-ஓட அந்த 900-ஐயும் சேர்த்து எடுத்துக்கிட்டு செல்லூர் போனோம். குதிச்சவனும் வந்தான், வாயைத் திறக்காமல். அக்கா எண்ணிப் பார்த்துட்டு, "கூட இருக்கே தம்பி"ன்னாங்க. விஷயத்தைச் சொன்னோம். சிரிக்கலை, திட்டவும் இல்லை. உள்ளே போய் ஒரு சாக்கை இழுத்துட்டு வந்து கொட்டினாங்க. அத்தனையும் எங்க பையில் வெட்டி மிஞ்சின துண்டுத்துணி!

"கூலியில மூணு ரூபா குறைச்சீங்களே, இதைப் பார்த்தீங்களா? துணியைத் திருப்பிப் போட்டு வெட்டியிருந்தா இவ்வளவு கழிவு வராது. என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேன்ல?"

குதிச்சவன்தான் முதலில் தரையில் உட்கார்ந்து டேப்பைப் பிரிச்சான். அக்கா சாக்பீஸால் கோடு போட, நாங்க மூணு பேரும் துணியோட அகலத்தை அளந்துக்கிட்டிருந்தோம்.