அவளுடைய வீடு

படுவான்கரையில் நான் படிப்பிக்கும் பாடசாலையிலே பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு வாரமாக வரவில்லை. விசாரிக்கச் சென்றேன். தாயின் இடது கண் வீங்கிக் கிடந்தது. “மாடு முட்டிப்போட்டுது சேர்” என்றாள். அந்த வீட்டில் மாடு கிடையாது. அன்று நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது: “பிள்ளைட படிப்ப நினைச்சுக் கொஞ்சம் பொறுத்துப் போங்க அக்கா.”

குடிதான் காரணம் என்று எல்லோரையும் போல நானும் எண்ணிக்கொண்டேன். கசிப்பு ஊரைக் கெடுக்கிறது என்பது மெய்தான். ஆனால் மகள் பின்பு சொன்னது வேறு. அன்று மாலை, போதை ஏறிய பின்னும், கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்ட முதலாளியைச் சந்தியிலே கண்டதும் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு ஒதுங்கி நின்றாராம் தகப்பன். யாரை அடிக்கலாம், யாரை அடிக்கக்கூடாது என்பது அவருக்கு நன்றாக நினைவிருந்திருக்கிறது. அந்த அனுமதியை அவருக்குக் கொடுத்தவர்களுள் நானும் ஒருவன் அல்லவா?

பெண்ணுக்குச் சொத்திருந்தால் அடி விழாது என்று பல்கலைக்கழக நாட்களில் வாதாடியிருக்கிறேன். தாய்வழியே சொத்து இறங்கிய முக்குவர் சட்டம் 1876 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வழக்கிழந்தது. ஆயினும் வீட்டைச் சீதனமாக மகளுக்கே எழுதும் வழக்கம் இங்கே இன்றும் வாழ்கிறது. மருமகன்தான் வந்து குடியேறுகிறான். வேலிக்கு அப்பால் தாய், இப்பால் தமக்கை. கூக்குரல் கேட்டால் ஓடிவர ஆளுண்டு. போர் அந்த வளவுகளைச் சிதறடித்தது. 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரையிலே கட்டிக்கொடுத்த வீடுகள் பல, ‘குடும்பத் தலைவர்’ என்ற பெயரில் ஆண்களுக்குப் போயின. உறவினர் அருகிருந்த காலத்திலும் அடி இல்லாமலில்லை. அண்ணன்மாரே சமாதானம் பேசி அவளை உள்ளே அனுப்பினார்கள்.

2019 ஆம் ஆண்டில் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய நாடளாவிய ஆய்வு, ஐந்தில் ஒரு பெண் கணவனாலோ துணைவனாலோ உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகக் கூறிற்று. பெற்றார் கூட்டத்துக்கு வரும் தாய்மாரை இப்போது என்னையறியாமலே எண்ணுகிறேன்.

இரண்டாம் முறை, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுப் போனேன். நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அடித்தவர் வீட்டிற்குள் நுழையாதபடி தடுக்கவும் வழியுண்டு என்றேன். அவள் நெடுநேரம் பேசவில்லை.

“அப்ப நான் போகத் தேவல்லையா சேர்? எல்லாரும் என்னத்தானே எங்கயாவது போய் இரு எண்டு சொன்னாங்க.”

பெட்டியைத் திறந்து, தாய் எழுதிக்கொடுத்த சீதன உறுதியை எடுத்து, வாசிக்கும்படி மகளிடம் கொடுத்தாள்.