தண்ணீர் இறைத்த கோபுரங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வாலின் போட்மின் மூர் மேட்டில், மினியன்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரம். கார்ன்வாலில் இதைவிட மேலே வேறு ஊர் கிடையாது. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றுக்குத் தடையே இல்லை. அதனால் வெயிலை நம்பி வருகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். மழைக்கோட்டும் கணுக்காலை மூடும் பூட்ஸும் போதும். குடையைக் காற்று பிடுங்கிக்கொள்ளும். இந்த இடத்தைப் பார்க்க மழை நாள்தான் சரியான நாள் என்பது என் கட்சி.

மூர் என்பது மரமில்லாத மேட்டுநிலம். அடியில் கருங்கல், அதன்மேல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு விடாத கறுத்த மண். பெரணி, கரடுமுரடான புல், மஞ்சள் பூ பூக்கும் கோர்ஸ் முட்புதர். (இந்த முட்புதரை வெள்ளைக்காரர்கள் ஊட்டிக்கும் கொண்டுவந்தார்கள், நீலகிரிப் புல்வெளிகளுக்கு அது இன்றும் தொல்லை.) சாரலுக்கு முதுகைக் காட்டியபடி மட்டக்குதிரைகள் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஊரை ஒட்டியே ‘ஹர்லர்ஸ்’ கல்வட்டங்கள் வந்துவிடும். ஒரே வரிசையில் மூன்று வட்டங்கள், நாலாயிரம் ஆண்டுப் பழமை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் பந்து விளையாடியவர்கள் கல்லாகிவிட்டார்கள் என்பது உள்ளூர்க் கதை. பக்கத்து ரில்லட்டன் மேட்டில் 1837-ல் கல் எடுக்கப் போனவர்கள் ஒரு தங்கக் கிண்ணத்தைக் கண்டெடுத்தார்கள். அது அரண்மனைக்குப் போயிற்று. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அதில் காலர் பித்தான்களைப் போட்டு வைத்திருந்தாராம். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வருகிறவர்களில் பலர் இந்தக் கற்களைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இன்னும் கொஞ்சம் நடக்க வேண்டும்.

மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு கோபுரம் தெரியும். கருங்கல்லில் மூன்று மாடிக் கட்டடம், கூரை இல்லை, மூலையில் ஒட்டிக்கொண்டு ஒரு புகைபோக்கி. கோட்டையோ மாதாகோயிலோ என்று தோன்றும். உண்மையில் இது பம்பு செட்டு வைத்த வீடு. அருகிலுள்ள காரடன் மலையைச் சுற்றி இப்படிப் பல நிற்கின்றன. பூமிக்கடியில் செம்பு இருந்தது. செம்பைச் சுற்றித் தண்ணீர் இருந்தது. நம் பூட்ஸுக்குள் இறங்குகிற இதே மழைதான் கல் இடுக்கு வழியாகச் சுரங்கத்துக்குள் கசிந்தது. இரவும் பகலும் இறைக்காவிட்டால் கீழே யாரும் நிற்க முடியாது.

கட்டடத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் நான்கு சுவர்களும் ஒரே கனமாக இருக்காது. ஷாஃப்டை, அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியை, பார்த்த முன்சுவர் மட்டும் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமன். அதன் தலையில்தான் இரும்பு உத்திரம் உட்கார்ந்திருந்தது; பெரிய எஞ்சின்களில் அதன் எடையே 50 டன்னை எட்டும். நம் ஊர் ஏற்றம் மாதிரிதான்: உத்திரத்தின் ஒரு முனை வீட்டுக்குள் நீராவி சிலிண்டரோடும், மறுமுனை வெளியே ஷாஃப்டுக்குள் தொங்கும் நீளமான மரத்தண்டோடும் இணைந்திருக்கும். நீராவி தண்டைத் தூக்கும்; தண்டு தன் கனத்தால் இறங்கும்போது தண்ணீரை மேலே தள்ளும். சுரங்கம் மூடியதும் இரும்பைக் கழற்றி விற்றார்கள். எஞ்சினின் ஆட்டத்தைத் தாங்கக் கட்டிய சுவர் மட்டும், ஆட்டம் நின்ற பிறகும் அசையாமல் நிற்கிறது. புகைபோக்கியின் கீழ்ப்பாதி கல், மேல்பாதி செங்கல். உயரத்துக்குக் கருங்கல்லை ஏற்றுவது சிரமம், செங்கல்லில் வட்டமாகக் கட்டுவது சுலபம்.

கார்ன்வாலில் நிலக்கரி இல்லை. கடல் கடந்து வேல்ஸிலிருந்து கப்பலில் வரவேண்டும். எனவே ஒவ்வொரு கூடை கரிக்கும் கணக்குப் பார்த்தார்கள். எந்தச் சுரங்கத்து எஞ்சின் எவ்வளவு கரியில் எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று 1811 முதல் மாதாமாதம் அச்சிட்டே வெளியிட்டார்கள். எஞ்சினியர்களுக்குள் போட்டி மூண்டது, எஞ்சின்கள் மெருகேறின. செம்பை உருக்கவும் கரி வேண்டும் என்பதால் தாதுவை வேல்ஸின் ஸ்வான்சீக்கு அனுப்பினார்கள். திரும்பும் கப்பலில் கரி வந்தது.

இங்குள்ள தெற்குக் காரடன் சுரங்கத்தில் செம்பு கிடைத்தது 1836-ல். 1844-ல் ரயில் பாதை போட்டார்கள். தாது ஏற்றிய வண்டிகள் சரிவில் தாமாகவே உருண்டு இறங்கும். காலி வண்டிகளைக் குதிரைகள் மேலே இழுத்துவரும். தண்டவாளம் போய்விட்டது. அதைத் தாங்கிய கருங்கல் துண்டுகள் பாதையில் பதிந்து கிடக்கின்றன. ஆணி இறக்கிய துளைகளில் மழைத்தண்ணீர் தேங்கியிருக்கும். மேலே தாதுவைச் சுத்தியால் உடைத்தவர்கள் பெண்களும் சிறுமிகளும். அவர்கள் வேலை செய்த கொட்டகைகளின் சுவடு கோபுரத்தைப் போல் கண்ணில் படுவதில்லை. தேடித்தான் பார்க்க வேண்டும்.

1860-களில் செம்பு விலை சரிந்தது. சிலி, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவிலிருந்து மலிவான தாது குவிந்தது. 1880-களில் தெற்குக் காரடன் மூடியது. பம்பு நின்றால் சுரங்கத்துக்குக் கதி ஒன்றுதான்: தண்ணீர் தானாக ஏறிவிடும். 2006-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியையும் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

வேலை போன கார்ன்வால்காரர்கள் உலகம் முழுக்கச் சிதறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வந்து சேர்ந்த இடம் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். 1880-ல் அங்கே பொறுப்பேற்ற ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ், கார்ன்வாலில் சுரங்கம் நடத்திப் பழகிய கம்பெனி. மேற்பார்வைக்குக் கார்ன்வாலிலிருந்தே ஆட்களைக் கொண்டுவந்தார்கள். கீழே இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு பக்கத்திலிருந்து போன தமிழர்கள், அதிலும் தலித்துகள். கார்ன்வாலில் நொடித்துப்போன தொழில் அங்கே மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குப் போனது. 2001 பிப்ரவரி 28-ல் கோலார் சுரங்கங்களும் மூடப்பட்டன. அந்த ஷாஃப்டுகளிலும் தண்ணீர் ஏறியது. கோலாரின் சாம்பியன் ரீஃபில் பிறந்து வளர்ந்த ஒருவரைக் காரடன் மலைக்குக் கூட்டிவந்தால் தகவல் பலகை எதையும் படிக்கச் சொல்ல வேண்டியிருக்காது. வேலி போட்ட குழியைப் பார்த்ததுமே, எத்தனை அடி ஆழம் என்று அவர்தான் முதலில் கேட்பார்.