'ஏன்?' என்று கேட்ட டாக்டர்!

ஒரு சின்ன டெஸ்ட்! கடைசியா நீங்க சாப்பிட்ட ஆன்டிபயாடிக் மாத்திரையோட பேர் என்ன? சரி, பேர் வேண்டாம்... எதுக்காகச் சாப்பிட்டீங்க? 'காய்ச்சல் வந்துச்சு, மெடிக்கல் ஷாப்ல கொடுத்தாங்க'ன்னு சொன்னா மார்க் கிடையாது. எந்தக் கிருமிக்கு? எத்தனை நாளைக்கு? ம்ஹூம்... நம்ம கிளாஸில் அறுபது பேரிடம் கேட்டாலும் இதே திருதிரு முழிதான்!

போன வருஷம் எங்க வீட்டிலும் அதே முழி. எழுபத்து நாலு வயசு தாத்தாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல். சிறுநீரில் கிருமித் தொற்று என்று சொல்லி அட்மிட் செய்தார்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டை வாங்கி வரும் வேலை எனக்கு. அதை மார்க் ஷீட் மாதிரி நினைச்சுக்கங்க. கிருமியை வளரவிட்டு, ஒவ்வொரு மருந்தாக அதன்மேல் வைத்துப் பார்ப்பார்கள். மருந்து ஜெயித்தால் 'எஸ்'. கிருமி ஜெயித்தால் 'ஆர்'. பதினாலு மருந்தில் பதினொன்றுக்கு நேராக 'ஆர்'! நம்ம அரியர் லிஸ்ட் எல்லாம் இதுக்கு முன்னாடி தூசு.

"தம்பி, தாத்தா இதுக்கு முன்னாடி என்னென்ன மாத்திரை சாப்பிட்டார்? எதுக்குச் சாப்பிட்டார்?" என்று கேட்டார் டாக்டரம்மா. அம்மா மாமாவைப் பார்க்க, மாமா பாட்டியைப் பார்க்க... கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகள் வீட்டு டப்பாவில் நிறைய இருந்தன. 'எதுக்கு' என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. பத்து நாள் ஊசி போட்டு தாத்தா பிழைத்து வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் அன்றைக்கு, "இன்ஜினீயரிங்தானே படிக்கிற? டேட்டா பிடிக்கும்னா மேக்ஸ்வெல் ஃபின்லாந்தைப் பத்திப் படி. எங்க துறைக்கே அவர்தான் பெரிய வாத்தியார்" என்றார் அந்த டாக்டரம்மா.

ஃபின்லாந்து... நாடு இல்லீங்க, ஆள்!

1902-ல் உக்ரைனில், கீவ் நகரத்துப் பக்கம் பிறந்தவர். நாலு வயசில் குடும்பத்தோடு அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வந்து சேர்ந்தார். வசதியில்லாத யூதக் குடும்பம். ஆனால், படிப்பில் புலி! ஹார்வர்டில் 1922-ல் டிகிரி, 1926-ல் டாக்டர் பட்டம். பணக்காரத் தெருவில் கிளினிக் போட்டு செட்டில் ஆகியிருக்கலாம். அவர் போய்ச் சேர்ந்ததோ பாஸ்டன் சிட்டி ஆஸ்பத்திரி. நம்ம ஊர் ஜி.ஹெச். மாதிரி, காசில்லாத ஜனங்கள் வரும் இடம். அங்கேயே வைத்தியம், அங்கேயே ஆராய்ச்சி, ஹார்வர்டு மாணவர்களுக்கும் அங்கேயே பாடம். கல்யாணம்கூட செய்துகொள்ளவில்லை மனுஷர்!

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பெனிசிலின் கைக்கு வரவில்லை. நிமோனியா வந்தால் குதிரை ரத்தத்திலிருந்து எடுத்த சீரம்தான் மருந்து. அதிலும் ஒரு சிக்கல். நிமோனியா கிருமியில் பல டைப்கள் உண்டு. ஒரு டைப்புக்கான சீரம் இன்னொன்றுக்கு வேலை செய்யாது. எந்த டைப் என்று சளியைச் சோதித்துக் கண்டுபிடித்த பிறகுதான் ஊசியையே எடுக்க முடியும். 'முதலில் கிருமி யார்னு சொல்லு, அப்புறம் மருந்து' என்பது அந்தத் தலைமுறை டாக்டர்களின் பழக்கம்.

1930-களின் நடுவில் சல்ஃபா வந்தது. 1940-களில் பெனிசிலின், அடுத்தடுத்து ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் எல்லாம் வரிசைகட்டி வந்தன. செத்துப்போக வேண்டியவர்கள் எழுந்து நடந்தார்கள். உலகமே கொண்டாடியது. கூடவே அந்தப் பழைய பழக்கமும் காணாமல் போச்சு. 'என்ன கிருமியா இருந்தா என்ன, மருந்தைப் போடு'!

ஃபின்லாந்து கொண்டாட்டத்தில் மயங்கவில்லை. எண்ண ஆரம்பித்தார். ஆமாங்க, வெறும் எண்ணிக்கை! சல்ஃபா வருவதற்கு முந்தின 1935-ல் தொடங்கி, சில குறிப்பிட்ட வருஷங்களை எடுத்துக்கொண்டு, தன் ஆஸ்பத்திரியில் யார் யாருக்கு ரத்தத்தில் எந்தக் கிருமி, யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று அவரும் அவருடைய குழுவும் கணக்கெடுத்தார்கள். 1959-ல் வெளியான அந்தக் கணக்கு பலருக்கு ஷாக். நிமோனியா கிருமி அடங்கியிருந்தது உண்மை. ஆனால், காலியான சீட்டில் வேறு கிருமிகள் துண்டு போட்டு உட்கார்ந்துவிட்டன. மருந்துக்கு மசியாத ஸ்டஃபிலோகாக்கஸ், குடலில் வாழும் கிருமிகள் என்று புது கோஷ்டி! நாலு வருஷம் முன்னாடி, 1955-லேயே, ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் கிளம்பிவிட்டதைப் பற்றி அவர் தனிக் கட்டுரையே எழுதியிருந்தார்.

அடுத்த மோதல் கம்பெனிகளோடு. 1950-களில் இரண்டு ஆன்டிபயாடிக்கை ஒரே மாத்திரையில் கலந்து விற்கும் ஃபேஷன் வந்தது. 1956-ல் ஃபைசர் கம்பெனி 'சிக்மாமைசின்' என்று ஒன்றை இறக்கியது. 'ரெண்டு மருந்து சேர்ந்தா டபுள் பவர்' என்கிற மாதிரி பில்டப்! ஃபின்லாந்து 1957-ல் கேட்டது ரொம்ப சிம்பிள்: ஆதாரம் எங்கே? ஃபேனுக்கும் லைட்டுக்கும் ஒரே ஸ்விட்ச் வைத்தால் எப்படி? லைட் மட்டும் வேணும்னாலும் ஃபேன் சுத்தும். ஒரு மருந்து போதும் என்கிற நோயாளிக்கு இன்னொன்றின் பக்கவிளைவும் இலவசம். அதை எதிர்த்து நிற்கக் கிருமிக்கு ட்ரெயினிங்கும் இலவசம்!

இதில் ஒரு காமெடியும் உண்டு. சிக்மாமைசின் விளம்பரத்தில் எட்டு டாக்டர்களின் விசிட்டிங் கார்டுகள் அச்சாகியிருந்தன. ஜான் லியர் என்ற பத்திரிகையாளர் அந்த விலாசங்களுக்குக் கடிதம் போட்டுப் பார்த்தார். அப்படி யாருமே இல்லை! 1959-ல் அவர் அதை எழுத, அமெரிக்காவே பரபரத்தது. பத்திரிகை வேலை பழகும் எனக்கு அவர்தான் இப்போ ஹீரோ! அதே 1959-ல் செனட்டர் கெஃபாவர் மருந்து விற்பனை பற்றிய விசாரணையைத் தொடங்கினார். பிறகு தாலிடோமைடு மாத்திரையின் கொடுமையும் சேர்ந்துகொள்ள, 1962-ல் புதுச் சட்டம் வந்தது. மருந்து ஆபத்தில்லாதது என்றால் போதாது, வேலை செய்கிறது என்றும் நிரூபிக்க வேண்டும்!

நான் அசந்துபோனது இன்னொரு விஷயத்தில். 1974-ல், எழுபத்திரண்டு வயசில், ஜான் மெக்கோவன் என்ற இளம் டாக்டரோடு சேர்ந்து ஃபின்லாந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். பாஸ்டன் சிட்டி ஆஸ்பத்திரியில் சில ஆன்டிபயாடிக்குகளைக் கேட்டால் உடனே கொடுத்துவிட மாட்டார்கள். எதற்கு என்று டாக்டர் நியாயம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ரூல். காரணம் கேட்டதுமே அந்த மருந்துகளின் உபயோகம் குறைந்தது. கேட்பதை நிறுத்தியதும் மறுபடி ஏறியது! புது மெஷின் இல்லை, புது மருந்து இல்லை. வெறும் ஒரு 'ஏன்?'

அந்த மெக்கோவன், டேல் கெர்டிங் என்ற டாக்டரோடு சேர்ந்து 1996-ல் இதற்கு ஒரு பேரும் வைத்தார். 'ஆன்டிமைக்ரோபியல் ஸ்டூவர்ட்ஷிப்'. நம்ம பாஷையில் சொன்னால், ஊர்ப் பொதுக் கிணற்றைக் காவல் காப்பது மாதிரி. ஒருத்தர் அள்ளி வீணடித்தால் தெருவுக்கே தண்ணி இல்லை. குரு 1987-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனால், இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆன்டிபயாடிக் சீட்டைச் சரிபார்க்கத் தனி டீம் உட்கார்ந்திருக்கிறதே, அது அவர் போட்ட கோடுதான்.

நம்ம பக்கமும் சும்மா இல்லை. 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவ அமைப்புகள் சென்னையில் கூடி, கண்டபடி ஆன்டிபயாடிக் விற்பதற்குக் கடிவாளம் கேட்டன. 'சென்னை பிரகடனம்' என்றே அதற்குப் பெயர். 2014 மார்ச் முதல் 'ஹெச் 1' பட்டியல் அமலுக்கு வந்தது. ஆரம்பத்தில் 46 மருந்துகள். முக்கியமான ஆன்டிபயாடிக்குகள் பல அதில் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யார் வாங்கினார், எவ்வளவு என்று கடையில் தனி ரிஜிஸ்டரில் குறித்து மூணு வருஷம் வைத்திருக்க வேண்டும். 2018-ல் 328 கூட்டு மருந்துகளுக்கு மத்திய அரசு தடை போட்டது. ஃபின்லாந்து 1957-ல் கேட்ட அதே கேள்விதான்... ரெண்டையும் கலந்ததுக்கு நியாயம் என்ன?

2019-ல் மட்டும் மருந்துக்கு அடங்காத கிருமிகள் நேரடியாகக் கொன்றது உலகம் முழுக்க சுமார் 12 லட்சத்து 70 ஆயிரம் பேரை என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இதைத் தடுக்க எல்லோரும் டாக்டர் ஆக வேண்டியதில்லை பாஸ். சளிக்கும் சாதாரண ஃப்ளூவுக்கும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக்குக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் அடுத்த தடவை யாராவது அந்தப் பட்டையை நீட்டினால், அது டாக்டராகவே இருந்தாலும், பணிவாக ஒண்ணு கேளுங்க: "இது எதுக்கு சார்? எத்தனை நாளைக்கு?"

செமஸ்டருக்கு செமஸ்டர் வைவாவில் எக்ஸ்டர்னல் நம்மைப் பார்த்து 'ஒய்?' 'ஒய்?' என்று குடைகிறாரே... ஒரு தடவையாவது நாம கேட்க வேணாமா?