விதை இல்லாத கனகாம்பரம்... அஸ்தம்பட்டியில் வீட்டுக்கு வீடு கைமாறும் கிளை!

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்களுக்கு அஸ்தம்பட்டி என்றால் ஒரு ரவுண்டானா. அதைத் தாண்டினால் கோரிமேடு, அடிவாரம், பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். பலரும் இறங்காமலே கடந்துபோகும் இடம். ஆனால், மெயின் ரோட்டை விட்டு உள்தெருக்களில் நடந்து பாருங்கள். காம்பவுண்டு சுவரோரம், மாடிப்படிக்குக் கீழே, பழைய பெயின்ட் வாளியில் என்று ஆரஞ்சு நிறத்தில் கனகாம்பரம் பூத்துக் கிடக்கிறது.

கனகாம்பரம் நம்ம மண்ணின் செடி. தென்னிந்தியாவும் இலங்கையும்தான் இதன் தாயகம். வாசனை கிடையாது. ஆனால் எடையே தெரியாது, பறித்த பிறகும் சீக்கிரம் வாடாது. அதனால்தான் மல்லிகைச் சரத்துக்கு நடுவே இது நிரந்தரமாக இடம்பிடித்திருக்கிறது.

நாட்டுக் கனகாம்பரம் விதையில் வளரும். அதன் காய்ந்த காயில் தண்ணீர் பட்டால் 'பட்'டென்று வெடித்து விதை தெறிக்கும். மழைக்குப் பிறகு தாய்ச்செடியைச் சுற்றி நாற்றுகள் முளைப்பது இப்படித்தான்.

வீடுகளில் பலரும் விரும்பி வளர்ப்பது 'டெல்லி கனகாம்பரம்'. அடர் ஆரஞ்சு, கொத்துக் கொத்தாகப் பூக்கும். இது மும்மடிய ரகம். அதாவது, செல்லில் இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம்கள் இருக்கும். அதனால் விதை பிடிக்காது. கிளையை வெட்டி வைத்தால்தான் அடுத்த செடி.

வாசலில் பூப்பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், "செடி விலைக்குக் கிடைக்குமாங்க?" என்று கேட்டேன்.

"இதுக்கு எதுக்கு கண்ணு காசு? ஒரு கிளை ஒடிச்சுத் தர்றேன், கொண்டு போ. ஒரு வருஷம் எங்க செடி அத்தனையும் வாடிப் போச்சு. நல்லவேளை, முன்னாடியே எதிர் வீட்டுக்குக் கிளை கொடுத்திருந்தேன். அங்கேயிருந்து திரும்ப வாங்கி வெச்சதுதான் இது" என்றார்.

அவர் சொன்ன வாடல்தான் கனகாம்பரத்தின் பெரிய எதிரி. கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் வேரைக் காயப்படுத்த, அந்தக் காயம் வழியே ஃபியூசேரியம் பூஞ்சை நுழைகிறது. கிளை வழியே வந்த செடிகள் எல்லாம் ஒரே தாயின் நகல்கள். ஒன்றைச் சாய்க்கும் நோய் மற்றவற்றையும் சுலபமாகச் சாய்க்கும். எல்லாச் செடியும் ஒரே மண்ணில் இருந்தால் ஆபத்து. நாலு வீட்டில் இருந்தால் ரகம் பிழைக்கும்.

வீட்டில் வைப்பது எப்படி?

* நடுவதற்கு ஜூலை முதல் அக்டோபர் வரை ஏற்ற காலம். ரொம்ப இளசாகவோ முற்றியதாகவோ இல்லாத கிளையை நாலைந்து அங்குல நீளத்துக்கு வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளிவிடுங்கள்.

* மணலும் மண்ணும் கலந்த தொட்டியில், ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நட்டு நிழலில் வையுங்கள். ஈரம் காயக் கூடாது, தண்ணீரும் தேங்கக் கூடாது. புதுத் துளிர் விட்டு, வேர் நன்றாகப் பிடித்த பிறகு இடம் மாற்றலாம்.

* காலை வெயிலும் மதிய நிழலும் விழும் இடம் நல்லது. சேலத்துச் சித்திரை வெயில் மொட்டைமாடித் தொட்டியை வறுத்துவிடும்.

* மண்ணில் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு கலந்துவிடுங்கள். பக்கத்தில் துலுக்கச் சாமந்தி வைத்தால் நூற்புழு குறையும்.

* போர் தண்ணீர் உப்பாக இருந்தால், நரம்பு பச்சையாகவும் இளம் இலை மஞ்சளாகவும் மாறலாம். அது இரும்புச்சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் கரைத்து, மாலை நேரத்தில் தெளியுங்கள்.

* ஒருநாள் விட்டு ஒருநாள் பூப்பறியுங்கள். பூத்து முடிந்த கதிரை வெட்டிவிட்டால் புதுக்கதிர் வரும்.

* வாடிய செடியை வேரோடு அகற்றிவிடுங்கள். அதிலிருந்து கிளை எடுக்காதீர்கள். அதே மண்ணில் மறுபடி கனகாம்பரம் வைக்காதீர்கள்.

உங்கள் செடி நன்றாகக் கிளைத்ததும், முதல் கிளையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். நாளைக்கு உங்கள் செடி வாடினால், கேட்டு வாங்க ஓர் இடம் இருக்கும்!