தோழி பட்ட பாடு
(இரண்டாமாண்டு, இளங்கலைத் தமிழ் இலக்கியம்)

சங்க இலக்கியத்தில் நம் இரக்கத்துக்கு மிகவும் உரியவர் யார் என்று கேட்டால் தலைவி என்பீர்கள். தேர்வில் அப்படி எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். நான் தோழி என்பேன். தலைவனுக்கு இடம் சொல்பவள் அவள்; செவிலியிடம் பொய் சொல்பவள் அவள்; உடன்போக்குக்கு நாளும் நேரமும் பார்ப்பவளும் அவளே. போகிறவர்கள் போய்விடுகிறார்கள். மறுநாள் காலையில் தாயின் முகத்தில் விழிக்க வேண்டியவள் யார்? இதை நான் ஏட்டில் படித்துவிட்டு எழுதவில்லை. 2025ஆம் ஆண்டு தை மாதம், எங்கள் திருமுல்லைவாயிலில், அந்தத் தோழியாக நானே இருந்தேன்.

தலைவி என் பெரியம்மா மகள். வயது இருபத்து நான்கு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் செக்கிங் வேலை. தலைவர் இரண்டு தெரு தள்ளி ஒரு பட்டறையில் சி.என்.சி. மிஷின் ஓட்டுபவர். மூன்றாண்டுப் பழக்கம். வீட்டில் சொன்னபோது பெரியப்பா ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "ஆளுங்க வேற." பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமே தரகர் வந்தார். தை பிறந்ததும் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

அக்கா என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய்ச் சொன்னாள்: "வக்கீல் ஆபீஸ்ல டியூப் லைட்டுக்குக் கீழ நின்னு மாலை மாத்த மாட்டேன்டி. நான் ஒண்ணும் திருடல. வானத்துக்குக் கீழ, தண்ணி பக்கத்துல நடக்கணும். நீதான் எடம் பாக்கணும்."

ஓடிப்போகிறவளுக்கு இயற்கைக் காட்சி கேட்கிறதா என்று முதலில் சிரித்தேன். பிறகு யோசித்தால், பாலைத்திணையில் மட்டும் என்ன? காடும் குன்றும் சுரமும்தானே அவர்கள் மணப்பந்தல்!

இடம் தேடிய கதையைக் கேளுங்கள். அம்பத்தூர் ஏரியைச் சுற்றி வீடுகள். எந்த மாடியிலிருந்து எந்த அத்தை பார்ப்பார் என்று சொல்ல முடியாது. கொரட்டூர் ஏரியில் பறவைகள் வருகின்றன. அவற்றைவிட அதிகமாக நடைப்பயிற்சிக்காரர்கள் வருகிறார்கள். ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் 2019இல் திறந்த பசுமைப் பூங்கா அழகுதான். ஆனால் அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் எடுக்கும் செல்பியில் நாமும் விழுந்துவிடுவோம். பூண்டி நீர்த்தேக்கம் தொலைவு. எங்கள் ஊர் மாசிலாமணீஸ்வரர் கோயிலை அக்கா நினைத்துப் பார்த்தாள். தொண்டைமானின் யானைக்காலை முல்லைக்கொடி பற்றிக்கொண்ட தலம்; கருவறை முன்னே எருக்கந்தூண் இரண்டு நிற்கும் தலம். ஆனால் பெரியம்மா பௌர்ணமி தவறாமல் கொடியிடை நாயகியைக் கும்பிடப் போகிறவர். அந்தச் சந்நிதியில் அவருக்குத் தெரியாமல் தாலி ஏறுவதை அக்காவால் நினைக்க முடியவில்லை. முல்லைக்கொடி அவள் காலையும் பற்றிக்கொண்டது என்றே சொல்ல வேண்டும்.

கடைசியில் செம்பரம்பாக்கம் என்று முடிவாயிற்று. பட்டறை நண்பர் ஒருவரின் தாத்தாவுக்கு அங்கே ஏரிக்கரையை ஒட்டிச் சிறு மாந்தோப்பு. ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. வடகிழக்கு மழைக்குப் பின் தை மாதத்தில் கடல்போல் கிடக்கும். தண்ணீரிலிருந்து சூரியன் எழ, அந்த ஒளியில் மாலை மாற்றுவது என்று நான் மனத்தில் ஒரு திரைப்படமே எடுத்து முடித்துவிட்டேன்.

இனிச் சட்டம். வானத்தின் கீழ் நடந்தால் அது செல்லுமா? தெரிந்த வழக்கறிஞர் அம்மையார் ஒருவர் பொறுமையாக விளக்கினார். தந்தை பெரியாரின் இயக்கம் 1928 முதல் சுயமரியாதைத் திருமணங்களை நடத்தி வந்தது. ஆனால் சடங்கில்லாத அந்தத் திருமணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறிவிட்டது. அண்ணா முதலமைச்சரானதும் 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் முன்பு நடந்த அத்தகைய திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. உறவினரோ நண்பரோ பிறரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்ற வேண்டும், அல்லது மோதிரம் அணிவிக்க வேண்டும், அல்லது தாலி கட்ட வேண்டும். புரோகிதர் வேண்டாம், மண்டபமும் வேண்டாம். ஊரறிய அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்பதுமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்தத் திருமணமானாலும் பதிவு கட்டாயம். 90 நாளுக்குள் செய்துவிட வேண்டும்.

அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தொல்காப்பியக் கற்பியல் நினைவுக்கு வந்தது. பெண்ணைக் கொடுப்பவர் இல்லாமலும், உடன்போன காலத்தில் கரணம் உண்டு என்று அன்றே ஒத்துக்கொண்டிருக்கிறார்! வகுப்பில் இந்த நூற்பாவைப் படித்தபோது நான் கொட்டாவி விட்டவள்.

அச்சமும் இருந்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தின் அருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டப்பட்டதை யாரும் மறக்கவில்லை. என் பெரியப்பா அப்படிப்பட்டவர் அல்லர். ஆனால் அவர் காதில் ஓதக்கூடியவர்கள் எல்லாரையும் நான் அறியேன். காதலரைக் காக்க மாவட்டந்தோறும் தனிப்பிரிவு வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துக்காட்டி, பாதுகாப்பு மனு ஒன்றை வழக்கறிஞர் எழுதித் தந்தார்.

நான் ஒரு பட்டியல் போட்டேன். ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், புகைப்படம், மாலை இரண்டு, மஞ்சள் கயிறு, சாட்சிகள், ஆட்டோ, கைப்பேசிக்கு வேறு சிம், மனு. இரண்டு பக்கம். என் வாழ்நாளில் எந்தத் தேர்வுக்கும் இவ்வளவு ஆயத்தம் செய்ததில்லை.

பொங்கல் கழிந்த ஞாயிறு. விடியற்காலை நாலரை மணி. கம்பெனியில் ஓ.டி. என்று அக்கா சொன்னாள். எனக்குச் சிறப்பு வகுப்பு என்று நான் சொன்னேன். பெரியம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தார். "பனி கொட்டுது, காதைக் கட்டிக்கோ. ரெண்டு இட்லி ஊத்திக் கட்டித் தரட்டுமா? பத்து நிமிஷந்தான்" என்றார். "வேணாம்மா, கேண்டீன்ல பாத்துக்கறேன்" என்றாள் அக்கா. தெருமுனை வரை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பெரியம்மா குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

பூவிருந்தவல்லி என்று பெயர் வைத்துக்கொண்ட ஊரிலேயே அன்று பூ கிடைப்பது அரிதாக இருந்தது; தை முகூர்த்தம்! கேட்ட விலை கொடுத்து மாலை வாங்கினோம். தோப்பில் மொத்தம் ஒன்பது பேர். மாப்பிள்ளையின் அம்மா வந்திருந்தார். மஞ்சள் கயிற்றை அவர்தாம் எடுத்துக் கொடுத்தார். அவர் அக்காவின் தலையைத் தொட்டபோது அக்கா உடைந்து அழுதுவிட்டாள். அங்கே நின்ற ஒரே தாய் அவர்தானே.

என் திரைப்படமோ படுதோல்வி. தோப்பு கரைக்குக் கிழக்கே தாழ்வில் இருந்தது; ஏரி கண்ணுக்கே தெரியவில்லை. மாலை மாற்றி முடிந்தபின் கரைமேல் ஏறிப் பார்த்தோம். தண்ணீர் மேற்கே. சூரியன் எங்கள் முதுகுப்பக்கம் எழுந்தது! எங்கள் ஒன்பது பேர் நிழலும் நீளமாக ஏரிக்குள் விழுந்து கிடந்தது. நீர்க்காகங்கள் பறந்தன. "தண்ணி இருக்குல்ல, போதும்டி" என்றாள் அக்கா.

மாலையில் பெரியப்பா காணவில்லையென்று புகார் கொடுக்கப் போனார். அக்கா நேரில் வந்து வயதையும் விருப்பத்தையும் எழுதிக் கொடுத்தாள். பெரியப்பா சத்தம் போடாமல் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றாமலேயே படுத்துக்கொண்டார். நான் உடந்தை என்பது ஒரே நாளில் தெரிந்துவிட்டது. ஒரே தெருவில் இருந்துகொண்டு பெரியம்மா என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை.

அந்த நாட்களில்தான் வகுப்பில் ஐங்குறுநூற்றுப் பாலை நடந்தது. ஓதலாந்தையார் பாடிய நூறு பாட்டில், மகளைப் போக்கிவிட்ட தாய்க்கென்று தனியே ஒரு பத்து வைத்திருக்கிறார்: 'மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து'. ஐயா நடத்த நடத்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். கலித்தொகையில் முத்தையும் சந்தனத்தையும் யாழிசையையும் காட்டிச் செவிலியைத் தேற்றுகிறார்களே, அந்தப் பாட்டை முன்பு நான் மிகவும் மெச்சியதுண்டு. இப்போது, அந்தச் சமாதானத்தைப் பெரியம்மாவிடம் சொல்லிப் பார்க்கட்டும் என்று தோன்றியது. கடைசிப் பத்துக்குப் பெயர் 'மறுதரவுப் பத்து'. போனவர்கள் திரும்பி வருகிறார்கள். அதை நடத்திய அன்று விடுப்பு எடுத்துவிட்டேன்.

பங்குனிப் பௌர்ணமியன்று பெரியம்மா எங்கள் வாசலில் வந்து நின்று, "கோயிலுக்கு வரியா?" என்றார். போனேன். கும்பிட்டு, சுற்றி வந்து, திருக்குளத்துப் படியில் உட்கார்ந்தோம். எங்கே குடியிருக்கிறாள், அவர் எப்படி, பதிவு ஆயிற்றா என்று கேட்பார் என எண்ணி விடைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை.

"அன்னிக்குக் காலையில அவ என்ன சாப்ட்டா?"

எனக்குத் திக்கென்றது. என் இரண்டு பக்கப் பட்டியலில் சாப்பாடு இல்லை. பத்தரை மணிக்குப் பூந்தமல்லியில் ஆளுக்கொரு டீயும் பன்னும். அக்கா அந்தப் பன்னையும் பாதியில் வைத்துவிட்டாள்.

"இட்லி, பெரியம்மா."

"எத்தினி?"

"நாலு."

பெரியம்மா குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலு சாப்பிட மாட்டாளே" என்றார்.