சுண்ணாம்பு விரல்

பினாங்கு குயின் வீதி மாரியம்மன் கோயிலிலிருந்து திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கடைகளின் அஞ்சடியில் ஒதுங்கினேன். கடை வாசலில் ஐந்தடி அகலத்துக்கு விட்ட கூரை நடைபாதைக்கு இங்கே அந்தப் பெயர். அதில் ஒரு வெற்றிலைக் கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு முக்காலி. மேசைமேல் ஈரத்துணி போர்த்திய வெற்றிலைக் கட்டு, பாக்குவெட்டி, ஏலக்காயும் கிராம்பும் ஜாதிக்காயும் போட்ட சின்னச் சின்ன பாட்டில்கள், விளிம்பெல்லாம் வெளுத்துப்போன சுண்ணாம்பு டப்பா.

முக்காலியில் பாட்டி. காலடியில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடைமேல் பேத்தி. ஆறாம் படிவம் போலிருக்கிறது. மடியில் உயிரியல் புத்தகம். உதடு மட்டும் அசைகிறது: ஹைட்ராக்சில், கார்போனைல், கார்பாக்சில், அமினோ... கண்ணை மூடிக்கொள்கிறாள். அதற்கு மேல் வரவில்லை. திறந்து பார்க்கிறாள். சல்ஃப்ஹைட்ரில், பாஸ்பேட்.

மலாய் மொழியில் இந்த அணுத் தொகுப்புகளுக்குக் கும்புலான் பெர்ஃபுங்சி என்பார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் வினைச்செயல் தொகுதி. இலங்கையில் தொழிற்பாட்டுக் கூட்டம். பேசாமல் 'கை' என்றே சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றும். கார்பன் சங்கிலி வெறும் உடம்பு. அது யாரோடு சேரும், யாரை அண்டவிடாது என்பதெல்லாம் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சில அணுக்களின் வேலை.

எதிர்க் கடையில் ஒருவர் ரொட்டி சானாய்க்கு மாவு வீசுகிறார். எண்ணெயில் ஊறிய உருண்டை, வீச்சுக்கு ஒரு சாண் விரிந்து, அடியிலிருக்கும் மேசை தெரியும் அளவுக்கு மெலிகிறது. கிழியவில்லை. கோதுமைப் புரதத்தில் கந்தகக் கைகள் இரண்டிரண்டாகக் கோத்துக்கொண்டிருக்கின்றன. அரிசி மாவை இப்படி வீசிப் பார்க்கட்டும்! பக்கத்தில் தே ஓ என்னும் பாலில்லாத தேநீர் கலக்குபவர் சீனியை அள்ளிப் போடுகிறார். போடப் போடக் கரைகிறது. ஒரு சீனி மூலக்கூறில் எட்டு ஹைட்ராக்சில். எட்டுக்கும் தண்ணீர் என்றால் உயிர்.

குடையை மடக்கியபடி ஒரு பெரியவர் வந்து நிற்கிறார்.

"ஒண்ணு மடிங்கக்கா. சுண்ணாம்பு கொஞ்சம் கூட."

"போன தடவ வாய் வெந்துபோச்சுன்னீங்களே?"

அவர் சிரிக்கிறார். பதில் இல்லை.

பாட்டி வெற்றிலையை முழங்காலில் துடைத்து, காம்பைக் கிள்ளி, ஆள்காட்டி விரலால் சுண்ணாம்பை ஒரு இழுப்பு இழுக்கிறார். மேலே சீவல். ஜாதிக்காயைச் சின்னக் கத்தியால் சுரண்டித் தூவுகிறார். கத்தி அலகில் பசை மினுங்குகிறது. அந்தக் கொழுப்பைத்தான் 1841-ல் வேதியியலாளர் லயன் பிளேஃபேர் தனியே பிரித்தெடுத்தார். ஒரு கிளிசரால், தன் மூன்று கைகளாலும் மூன்று அமிலங்களைப் பிடித்திருக்கும். அமிலம் ஒவ்வொன்றிலும் 14 கார்பன். மிரிஸ்டிக் அமிலம் என்று அதற்குப் பெயர் வந்ததே ஜாதிக்காயின் தாவரப் பெயரால். அந்தப் பிடிக்குப் பெயர் எஸ்டர்.

பாக்கிலும் ஓர் எஸ்டர் உண்டு, அரிக்கோலின். இந்தத் தீவுக்கே பினாங்கு என்று பெயர் கொடுத்தது பாக்குதானே. காரம் பட்டால் எஸ்டர் பிடி விடும். சோப்புக் காய்ச்சுவதும் அதே சங்கதிதான். பெரியவர் மடிப்பை வாயில் அதக்கி மெல்ல, உள்ளே சுண்ணாம்பின் காரம் வேலையைத் தொடங்குகிறது. அரிக்கோலினிலிருந்து ஒரு மெத்தில் கழன்றுபோக, அந்த இடத்தில் கார்பாக்சில் நிற்கும். அப்புறம் அது அரிக்கோலின் இல்லை, அரிக்காய்டின். பாக்கின் பாலிபீனால்கள் காரத்தில் சிவக்கின்றன, உதட்டோரம் தெரிகிறது. நெற்றியில் வியர்வை பொடிக்கிறது. புகையிலையே சேராவிட்டாலும் பாக்கு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் அச்சிட்டுச் சொல்லியாயிற்று. பெரியவர் ஓடும் வாய்க்காலில் சிவப்பாகத் துப்பிவிட்டுப் பாட்டியிடம் காசை நீட்டுகிறார்.

பேத்தி இதற்குள் எஸ்டர் பிணைப்புக்கு வந்துவிட்டாள். நோட்டில் பென்சிலால் வரைகிறாள். ஓர் ஆக்சிஜனை விட்டுவிட்டு, அழித்து, மறுபடி போடுகிறாள். ஒரு முழத் தூரத்தில் மடித்துத் தந்த வெற்றிலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. சொல்லிவிடலாமா என்று நுனிநாக்குவரை வந்தது. மழைக்கு ஒதுங்கியவன் பாடம் நடத்தினால் நன்றாகவா இருக்கும்?

காற்றுத் திரும்பி, சாரல் உள்ளே அடிக்கிறது. பாட்டி குனிந்து புத்தகத்தைத் தன் பக்கம் இழுக்கிறார்.

"நனையுது பாரு."

நியூக்ளிக் அமிலம் தொடங்கும் பக்கத்தின் ஓரத்தில் வெள்ளையாய் ஒரு விரல் அடையாளம்.

"ஐயோ பாட்டி, சுண்ணாம்பு!"

பாட்டி முந்தானையால் துடைக்கிறார். தடம் இன்னும் பெரிதாகிறது.